624001-ஐ ரசிப்பது எப்படி?

திண்டுக்கல் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 624001. பூட்டுக்கடை போர்டு, பிரியாணிக்கடை பில், கல்யாணப் பத்திரிகை என்று ஊர் முழுக்கத் தென்படுகிற எண். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு முறை வந்ததிலிருந்து இப்படி ஆறு இலக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதை வகுத்துப் பார்த்தவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

முதலில் காரணிகளைத் தேட வேண்டும். எண் ஒற்றைப்படை, 0-விலோ 5-இலோ முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 13. ஆகவே 2, 5, 3 மூன்றும் கழன்றன. 7-க்கு ஒரு குறுக்குவழி உண்டு. எண்ணை மும்மூன்று இலக்கமாக வெட்டி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பது. 624-இல் 001 போனால் 623, அது 7×89. எனவே முழு எண்ணும் 7-ஆல் வகுபடும். 1001 என்பது 7×11×13 என்பதால் பலிக்கிற வித்தை இது. 11-க்கும் 13-க்கும் இதே கழித்தல் போதும். நிலக்கோட்டையின் 624208-இல் செய்தால் 416 வரும், அதாவது 13×32.

7-ஆல் வகுத்தால் 89143. இனி கொஞ்சம் பொறுமை தேவை. 11, 13, 17 என்று 89 வரை எந்தப் பகா எண்ணும் மீதியில்லாமல் வகுக்காது. கால்குலேட்டரைத் தேடிக் கை போவது இந்த இடத்தில்தான். போகாமல் இருந்தால் ருசி கூடும். நூறுக்குள் கடைசிப் பகா எண்ணான 97-இல் பிடி கிடைக்கிறது. 91900-இல் 2757-ஐக் கழித்தால் 89143, அதாவது 919×97. 919-ஐ அதற்கு மேல் உடைக்க முடியாது.

ஆக, 624001 = 7×97×919.

இப்போது ராமானுஜனின் 1729-ஐப் பக்கத்தில் வைக்கலாம். ஹார்டி வந்த டாக்சியின் எண், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடியது என்பதெல்லாம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அதன் காரணிகள் 7, 13, 19. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்தால் 6, 12, 18. மூன்றுமே 1728-ஐ மீதியில்லாமல் வகுக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட, திரும்ப வராத பகாக் காரணிகள் கொண்ட எண்ணில் இந்த நிபந்தனை நிறைவேறினால் அது கார்மைக்கேல் எண். தன்னோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்து ஃபெர்மா சோதனை நடத்தினாலும், பகா எண் போலவே நடித்துத் தேறிவிடும்.

திண்டுக்கல்லுக்கும் அதே பரீட்சை வைக்கலாம். 6, 96, 918. வகுக்க வேண்டியது 624000. ஆறால் வகுத்தால் 104000, மீதியில்லை. 96-ஆல் வகுத்தால் 6500, மீதியில்லை. 918-ஆல் வகுத்தால் ஈவு 679, மீதி 678. கடைசிப் படியில் சறுக்கிவிட்டது! இரண்டு படி தாண்டியதே பெரிய விஷயம்தான்.

கொடைக்கானலின் 624101-இல் வேறொரு அழகு. 790-இன் வர்க்கத்தோடு ஒன்றைச் சேர்த்தால் அந்த எண் வந்துவிடும். கீழே சமவெளியில் இரண்டு வர்க்கங்களைக் கூட்டி 624001-ஐ எட்டவே முடியாது. நான்கால் வகுத்தால் 3 மீதி தருகிற 7 ஒற்றையாக உள்ளே உட்கார்ந்து தடுக்கிறது. மூன்று வர்க்கங்கள் வேண்டும்: 789, 38, 6 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினால் சரியாக வரும்.