பரிவுக்கு உரைகல்

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும், இது யார் செய்த பாவம், இவருடையதா பெற்றோருடையதா என்று சீடர்கள் இயேசுவிடம் கேட்கிறார்கள். இரண்டும் இல்லை என்கிறார் அவர். யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தோடு தீர்ந்திருக்க வேண்டிய அந்தக் கேள்வி, மாற்றுத்திறன் குழந்தை பிறந்த வீடுகளில் இன்றும் காதில் விழுகிறது. அதே அதிகாரத்தில் நாம் தாண்டிப்போகும் ஒன்றும் உண்டு. பார்வை பெற்றவரைப் பரிசேயர் விசாரிக்கிறார்கள். பெற்றோர் அஞ்சி ஒதுங்குகிறார்கள். அவர் ஒற்றை ஆளாக நின்று வாதாடுகிறார். துன்புறுவோருக்காக உருகிய கிறிஸ்தவ மரபுகள் பல. அவர்கள் வாய் திறந்து பேச இடம் கொடுத்த மரபுகள் எவை என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இறைச்சாயல் மரபு

மனிதர் கடவுளின் சாயல் என்ற போதனையை நோயுற்ற உடலோடு சேர்த்துப் பார்த்தவர்கள், இன்றைய துருக்கியில் வாழ்ந்த 4ஆம் நூற்றாண்டுக் கப்பதோக்கியத் தந்தையர். பஞ்ச காலத்தை ஒட்டி, செசரியா நகருக்கு வெளியே ஆயர் பசிலியார் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் விடுதிகள் எழுப்பினார். ஊர் விரட்டிய தொழுநோயாளரை அவர் முத்தமிட்டு வரவேற்றதாக நண்பர் நசியான்சு கிரகோரியார் பதிவு செய்திருக்கிறார். நோய் முகத்தை உருக்குலைக்கலாம், இறைச்சாயலைத் தொட முடியாது என்பது கிரகோரியாரின் வாதம்.

பின்வந்த அறிஞர்கள் அந்தச் சாயலைப் பகுத்தறிவில் கண்டார்கள். அதனால் அறிவுத்திறன் குன்றியவர்கள் வாசலிலேயே நிற்க நேர்ந்தது. மனித மதிப்பைத் திறனால் அளந்தால் எங்கே போய் முடியும் என்பதை 1940-41இல் ஜெர்மனி காட்டியது. ‘டி4’ திட்டத்தில் ஏறத்தாழ 70,000 மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் நச்சுவாயுவால் கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்ட் 3 அன்று மியூன்ஸ்டர் ஆயர் கிளெமென்ஸ் வான் காலென் மறையுரையில் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். உழைக்க இயலாதவரைக் கொல்லலாம் என்றால் முதியோரும், காயம்பட்டுத் திரும்பும் போர்வீரரும் தப்ப முடியாது என்றார். அதே நாட்டில் கிறிஸ்தவச் சேவை நிலையங்கள் சில கட்டாயக் கருத்தடைக்கு உடன்பட்டிருந்ததையும் மறைக்கக் கூடாது.

துன்பத்துக்குப் பொருள் தேடிய மரபு

யோபுவின் நண்பர்கள் தொடங்கிவைத்த வேலை இது. அவர்கள் கடவுளிடம் கண்டிப்பு வாங்கிய பிறகும் அந்த வேலை ஓயவில்லை. இம்மரபின் முதிர்ந்த வடிவம், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று எழுதிய திருத்தூது மடல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்தான் அவர் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்திருந்தார். கிறிஸ்துவின் பாடுகளோடு இணையும் துன்பம் மீட்பில் பங்குபெறுகிறது என்கிறது மடல். படுக்கையில் இருப்பவர் தாமே இதைச் சொன்னால் அது விசுவாச அறிக்கை. வலிக்கு மருந்து தேடாமல் பக்கத்தில் நிற்பவர் சொன்னால் தட்டிக்கழிப்பு. மடலும் விளக்கத்தோடு நின்றுவிடாமல், நிறைவுப் பகுதியில் நல்ல சமாரியரிடம் வந்து சேர்கிறது.

உடன்வாழும் மரபு

பெல்ஜியத்தின் கீல் ஊரில், புனித திம்ப்னாவின் திருத்தலத்தை நாடிவந்த மனநோயாளிகளை மக்கள் இடைக்காலம் முதலே தம் வீடுகளில் தங்கவைத்து வருகிறார்கள். 1964இல் பிரான்சில் ஜான் வானியே தொடங்கிய ‘லார்ஷ்’ இல்லங்களில் அறிவுத்திறன் குன்றியோரும் மற்றவரும் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள். ஹார்வர்டில் கற்பித்த ஹென்றி நூவென் 1986இல் கனடாவிலுள்ள லார்ஷ் இல்லத்துக்குப் போனார். பேச இயலாத ஆடம் என்ற இளைஞரைக் குளிப்பாட்டி உடுத்திவிடுவது அவருடைய காலை வேலை. ஆடமைத் தம் ஆசிரியர் என்றே அவர் கருதினார்.

வானியே பெண்கள் பலரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டியதை, அவர் மறைந்த மறு ஆண்டு, 2020இல் லார்ஷே விசாரித்து வெளியிட்டது. புனிதர் என்று பெயரெடுத்தவர் நடத்தும் இல்லத்துக்கும் கண்காணிப்பு வேண்டும் என்பது இதில் கிடைத்த கடும் பாடம்.

அனுபவித்தோரின் இறையியல்

பிறவியிலேயே எலும்புக் குறைபாடு கொண்ட அமெரிக்கச் சமூகவியலாளர் நான்சி ஐஸ்லண்ட், ‘மாற்றுத்திறன் கொண்ட கடவுள்’ என்ற பொருளில் தலைப்பிட்ட நூலை 1994இல் வெளியிட்டார். உயிர்த்த கிறிஸ்து ஆணித் தழும்புள்ள கைகளையே சீடருக்குக் காட்டினார். எனவே தழும்புள்ள உடல் குறைப்பட்ட உடல் அன்று என்பது அவர் வாதம். குறைபாட்டைப் பாவத்தோடு முடிச்சுப்போடுவது, துன்பத்தைப் புண்ணியமாக்குவது, தர்மத்தின் பெயரால் ஒதுக்கிவைப்பது ஆகிய மூன்றையும் திருச்சபையின் பிழைகளாக அவர் எண்ணிக் காட்டினார். முந்தைய மரபுகள் அனைத்துக்கும் இதுவே நல்ல உரைகல்.

வேலூரின் சான்று

அந்நூலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் இதற்கு ஒரு சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் சிக்கி இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக்கொண்டிருந்த பால் பிராண்ட், அந்த வேலையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவருக்கு வழிகாட்டினார். மேரி சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். பிராண்ட் அவருக்குக் கொடுத்தது ஆறுதல் வார்த்தை அன்று, வேலை. வேலையோடு பொறுப்பும் அதிகாரமும் வந்தன.

நம் ஆலயங்களில் ஆண்டுதோறும் மாற்றுத்திறனாளர் ஞாயிறு வைத்து, சேலையும் அரிசியும் கொடுத்து, படம் எடுத்துக்கொள்கிறோம். பீடத்துக்கு ஏறச் சாய்தளம் இருக்கிறதா, மறையுரைக்குச் சைகைமொழி உண்டா, சபைக் கமிட்டியிலும் பங்குப் பேரவையிலும் அவர்களுக்கு வாக்கு உண்டா என்று அன்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தொடங்குவோம். இந்தத் தலைப்பில் அடுத்த மலருக்கான கட்டுரையையும் மாற்றுத்திறனாளர் ஒருவரிடமே கேட்டு வாங்குவோம்.