தண்டவாளம் போன பிறகு: ஒரு சைக்கிள் பாதையைத் திரும்பப் படித்தல்

சில வருடங்களுக்கு முன்னால் வேலை விஷயமாக இங்கிலாந்தில் இருந்தேன். அப்போது ஒரு சனிக்கிழமை கார்ன்வாலில் போர்ட்ரீத் என்ற சின்ன துறைமுகத்திலிருந்து டெவோரன் வரைக்கும் சைக்கிளில் போனேன். சுமார் 18 கிலோமீட்டர். பெரும்பகுதியில் காரும் இல்லை, பஸ்ஸும் இல்லை. ஒரு முனையில் கடல், மறுமுனையில் கழிமுகம், நடுவில் கைவிடப்பட்ட செம்பு, தகரச் சுரங்கங்கள். ஊருக்கு வந்ததும் ஒரு குறிப்பு எழுதினேன். "இப்படி ஒன்று நம்ம பக்கம் வருமா?" என்ற பெருமூச்சோடு அது முடியும்.

போன மாதம் அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மூணு தப்பு பண்ணியிருக்கிறேன். அதைச் சரிசெய்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. விமர்சனம் என்று சொன்னால் முதலில் மாட்டுவது என் குறிப்புதான், அந்தப் பாதை அதற்கு அப்புறம்.

முதல் தப்பு: அந்தப் பாதையை யாரோ சைக்கிள்காரர்களுக்காக உட்கார்ந்து யோசித்துப் போட்டது போல எழுதியிருந்தேன். அப்படி இல்லை. போர்ட்ரீத் பக்கம் இருப்பது 1809ல் தொடங்கிய டிராம் தடம். குதிரைகள் தாதுவை இழுத்துக்கொண்டு கடலுக்குப் போன வழி. டெவோரன் பக்கம் இருப்பது 1820களில் போட்ட ரெட்ரூத்–சேஸ்வாட்டர் ரயில் தடம். செம்புத் தாது வெளியே போகும், சுரங்கத்து இயந்திரங்களுக்கு நிலக்கரி உள்ளே வரும். 1915ல் அது நின்றுபோனது.

சைக்கிள் மிதிக்க அந்தத் தடம் ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது? குதிரையும் சின்ன எஞ்சினும் செங்குத்தான மேடு ஏறாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை மேவி, சரிவைக் குறைத்துப் போட்டார்கள். நம் முழங்காலுக்குக் கிடைக்கிற சுகம் அந்தக் காலத்துத் தாது வண்டிக்காகச் செய்த கணக்கு. ரயில் நின்ற பிறகும் அந்தத் தடத்தில் பெரும்பகுதி அழியாமல் கிடந்ததுதான் மிச்ச விஷயம். அது துண்டு துண்டாகத் தோட்டமும் வீடுமாகியிருந்தால் இன்றைக்குப் பாதை கிடையாது.

இரண்டாவது தப்பு இதைவிடப் பெரியது. சுரங்கத்து எஞ்சின் வீடுகளின் உயரமான புகைபோக்கிகளைப் பார்த்து "கோயில் கோபுரம் மாதிரி" என்று எழுதியிருந்தேன். கார்ன்வாலின் சுரங்க நிலப்பரப்பு 2006ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதனால் எல்லாமே அழகாகத்தான் தெரியும். ஆனால் டெவோரனுக்குக் கொஞ்சம் முன்னால் பிஸ்ஸோ என்ற இடத்தில் ஒருகாலத்தில் ஆர்செனிக் காய்ச்சினார்கள். சில திட்டுகளில் இன்னும் சரியாகப் புல் முளைக்கவில்லை. பக்கத்திலிருந்த வீல் ஜேன் தகரச் சுரங்கம் 1991ல் மூடப்பட்டது, தண்ணீர் இறைப்பதை நிறுத்தினார்கள். 1992 ஜனவரியில் உள்ளே தேங்கிய அமிலத் தண்ணீர் உடைத்துக்கொண்டு கோடிக்கணக்கான லிட்டர் கார்னன் ஆற்றில் இறங்கியது. கழிமுகம் முழுக்க ஆரஞ்சு நிறம். சுரங்கம் செத்த பிறகும் அதன் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் வேலை நிற்கவில்லை.

இதெல்லாம் தெரியாமல் நான் அங்கே கேக் சாப்பிட்டு டீ குடித்துவிட்டு வந்தேன். என் குறை பாதை மீதும் உண்டு. இன்பச் சுற்றுலாவுக்கு ஏற்ற மாதிரி சுரங்கத்தை அது கொஞ்சம் குளிப்பாட்டித்தான் காட்டுகிறது. தாதுப் பாறையைச் சுத்தியலால் உடைத்த பெண்களும் பிள்ளைகளும் புகைபோக்கி அளவுக்கு அங்கே கண்ணில் படுவதில்லை.

இன்னொன்றையும் தாண்டிப் போயிருந்தேன். அந்த ரயில் தடத்தைப் போட முன்னின்றவர் ஜான் டெய்லர், அங்கத்துப் பெரிய செம்புச் சுரங்கங்களை நடத்தியவர். அவர் பெயரில் வந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம்தான் 1880களிலிருந்து கோலார் தங்க வயலை நடத்தியது. மேற்பார்வைக்குக் கார்ன்வால் சுரங்கக்காரர்கள் வந்தார்கள், பாதாளத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 2001ல் அதுவும் மூடப்பட்டது. கோலாரில் மிஞ்சியது சயனைடு மேடுகள். காற்றடிக்கிற மாதங்களில் அந்த மண் வீடுகளுக்குள் வரும். ஒரே நிறுவனத்தின் கதை: அங்கே சைக்கிள் பாதையாகவும் இங்கே தூசியாகவும் முடிந்திருக்கிறது. "அவங்க ஊரு சுத்தம், நம்ம ஊரு மோசம்" என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இந்த இடத்தில்தான். மூடின பிறகு யார் பொறுப்பு எடுத்தார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மூன்றாவது தப்பு, "நம்ம பக்கம் வருமா" என்று கேட்டது. நான் களக்காட்டுக்காரன். களக்காட்டிலிருந்து ஒரு காலைப்பொழுது சைக்கிள் மிதித்தால் திசையன்விளை. அங்கிருந்து குலசேகரன்பட்டினம் வழியாகத் திருச்செந்தூர் வரைக்கும் ஒருகாலத்தில் இரண்டடி அகலத் தண்டவாளம் ஓடியது. குலசேகரன்பட்டினம் லைட் ரயில்வே. பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலைக்காக, பனங்கருப்பட்டி ஏற்றி வருவதற்காகப் போட்டது. 1910களின் நடுவில் ஓட ஆரம்பித்து 1940ல் நின்றது. கார்ன்வால் தடம் மூச்சை விட்ட அதே காலத்தில் இது மூச்சு வாங்கியிருக்கிறது!

நிலமும் அப்படியே பொருந்துகிறது. மணப்பாட்டில் கருமேனியாறு கடலில் சேரும் கழிமுகம். உள்ளே வந்தால் தேரி, ரத்தச் சிவப்பு மணல். கடற்கரை மணலில் இல்மனைட்டும் கார்னெட்டும். அந்த மணலை அள்ளிய கதை உங்களுக்கே தெரியும். 2013ல் அரசு முதலில் தூத்துக்குடி மாவட்டத்திலும் அடுத்து நெல்லை, குமரி மாவட்டங்களிலும் அதற்குத் தடை போட்டது. கழிமுகம், பழைய ரயில் தடம், தோண்டின நிலம். மூணும் நம்மிடமே இருக்கிறது.

அப்ப என்னதான் இல்லை? போன மாதம் அதைப் பார்க்கத்தான் விடியற்காலையில் கிளம்பினேன். களக்காட்டு வாழைத் தோட்டங்களைத் தாண்டி, நாங்குநேரிப் பொட்டலைத் தாண்டி, திசையன்விளை போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஒரு டீக்கடையில் விசாரித்தேன்.

"அண்ணாச்சி, இங்க முன்னால ரயில் ஓடுச்சாமே, எந்தப் பக்கம்?"

எழுபதைத் தாண்டியவர். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எங்க தாத்தா அதுல ஏறிப் போயிருக்காவ தம்பி. எங்க ஐயா அந்த வழில மாடு மேய்ச்சிருக்காவ. எனக்கு அந்த வழியே தெரியாது."

மூணு தலைமுறையில் ஒரு ரயில் காணாமல் போவதற்கு இதைவிடச் சுருக்கமான வரலாறு வேண்டாம். அவர் மகன் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். ரயில் ஓடிய விஷயமே அவருக்குப் புதுசு.

அங்கிருந்து குலசை வரைக்கும் நான் மிதித்தது தார் ரோட்டில். மணல் லாரியும் டூரிஸ்ட் வேனும் தோளை உரசிக்கொண்டு போயின. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். குலசையில் இப்போது ராக்கெட் ஏவுதளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். புது ரோடு வரும், நிலத்தின் விலை ஏறும், எல்லைக் கற்கள் நகரும். பழைய தடத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதைத் தேட நமக்கு இருப்பது இந்தக் கொஞ்ச வருடங்கள்தான்.

அதனால் என் பழைய குறிப்பின் கடைசி வரியை அடித்துவிட்டு வேறு எழுதுகிறேன். "பாதை போட்டுத் தாருங்கள்" என்று கேட்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ரயில் தடம் நிலப் பதிவில் சுவடு விடும் ஜாதி. வயல் சதுரமாகவும் கோணலாகவும் இருக்கும். ரயில் நிலம் மட்டும் ஒல்லியாக, நீளமாக, அடுத்தடுத்த கிராமங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். கிராம வரைபடம், புல வரைபடம், 'அ' பதிவேடு மூன்றையும் ஊர் ஊராக ஒட்டிப் பார்த்தால் கோடு பிடிபடும். சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது பழகின வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆரம்பித்திருக்கிறேன்.

கோடு கிடைத்து, அதில் எங்காவது மூணு கிலோமீட்டர் இன்னும் புறம்போக்காக இருந்தால் போதும். டைல்ஸ் வேண்டாம், செல்ஃபி பாயின்ட் வேண்டாம். பனை நிழலில் ஒரு மண் தடமும், இங்கே என்ன ஏற்றினார்கள், யார் பனை ஏறினார்கள், எந்த மணலை அள்ளினார்கள் என்று மறைக்காமல் சொல்கிற ஒரு பலகையும் போதும். கார்ன்வாலுக்கு நான் வைத்த குறையை நாமும் செய்துவிடக் கூடாது, இல்லையா?

திசையன்விளை, உடன்குடி, குலசை பக்கத்து ஆட்கள் இதைப் படித்தால் ஒரே ஒரு உதவி. வீட்டில் தொண்ணூறு வயசில் யாராவது இருந்தால், ரயில் எந்தப் பக்கமாகப் போச்சு என்று இன்றைக்கே கேட்டுவையுங்கள்.