முற்பணமும் அட்வான்ஸும்

கல்யாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது மண்டபக்காரர் தொலைபேசியில் வந்து, "விலை கூடிப்போச்சு" என்கிறார். அழைப்பிதழ் கொடுத்தாகிவிட்டது, ஐயருக்கும் மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டது. என்ன செய்வது? இதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு வழி இருக்கிறது, சென்னையில் வேறொரு வழி. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எண்ணத்தை எனக்குத் தந்தவர், தாம்பரம் பக்கத்தில் நடந்த கல்யாணம் ஒன்றில் பக்கத்து இலையில் இருந்த பெரியவர். மண்டபக்காரர்களின் அடாவடி பற்றிப் பந்தியில் பேச்சு வந்தது. அவர் என் பக்கம் திரும்பி, "உங்களுக்கென்ன சார், சிலோன்காரங்க. கேட்டதைக் கொடுத்துட்டுப் போயிடுவீங்க. எல்லாருக்கும் ஃபாரின் பணம்" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர். பெண் வீட்டுப் பகுதியில் வந்தவன் பந்தியில் மறுத்துப் பேசுவது அழகல்ல. பாயாசத்தோடு விழுங்கிவிட்டேன். அது செரிக்காததால்தான் இந்தக் கட்டுரை.

கேட்டதைக் கொடுக்கிற ஆக்கள் நாங்கள் என்றால் 2022 ஐத் தாண்டியிருக்க மாட்டோம். அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா, மே மாதத்தில் 360. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவுக்கு விற்ற டீசல் 2022 ஜூன் கடைசியில் 460. மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். வற் வரி வருடத் தொடக்கத்தில் 8 வீதம், ஜூனில் 12, செப்டெம்பரில் 15. முந்தின வருடமே முற்பணம் கட்டி மண்டபம் பதிந்துவைத்திருந்த குடும்பங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தொலைபேசி வந்தது. சென்னையில் மண்டபக்காரர் விலை கூட்டினால் அது அவருடைய ஆசை. எங்களுக்கோ ஆசை எது, அந்தரம் எது என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அது வேறு படிப்பு.

சின்னம்மாவின் மகளுக்கு அந்த ஆவணியில் நாள் வைத்திருந்தோம். கோயில் பரிபாலன சபையின் மண்டபம். வாடகையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்க வேண்டும் என்று செயலாளர் சொல்லியனுப்பினார். மாமா அவரோடு தொலைபேசியில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பெற்றோல் இல்லாத காலம் ஆகையால் சைக்கிளில், செயலாளர் வீட்டுக்கே போனார். செயலாளர் அந்த வாத்தியாரிடம் படித்தவர்.

"சேர், கூட்டிக் கேக்க எனக்கும் வெக்கமாத்தான் கிடக்கு. ஆனா ஜெனரேற்றர் ஓட்டினா சபைக்கு நட்டம்."

"அப்ப ஜெனரேற்றர்க் கணக்கை மட்டும் கதை. வாடகையைத் தொடாதை."

தேத்தண்ணி வந்தது, விஷயம் முடிந்தது. வாடகை பழையபடி. டீசல் எங்கள் பொறுப்பு. தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் ஜெனரேற்றர், மற்ற நேரம் யன்னல் காற்று. சமையல் காஸில் இல்லாமல் பின்வளவில் விறகில். வாத்தியார் எழும்புவதற்கு முன் பற்றுச்சீட்டின் பின்புறத்தில் இரண்டு வரி எழுதச் செய்து, செயலாளரிடம் கையெழுத்தும் வாங்கினார்.

இது ஏன் நடந்தது என்று யோசிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மண்டபம் பெரும்பாலும் யாரோ ஒரு தெரிந்தவரின் கையில் இருக்கும்: கோயில், சனசமூக நிலையம், இல்லையென்றால் தகப்பன் பெயர் சொன்னால் விளங்குகிற ஒருவர். நியாயமில்லாமல் கேட்டவரைப் பற்றி அடுத்த செத்தவீட்டில் கதைப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். இன்னொன்று, "இல்லாட்டி வீட்டிலை வைப்பம்" என்று நாங்கள் சொன்னால் அது வெறும் வெருட்டல் அல்ல. ஒரு தலைமுறைக்கு முன்வரை கல்யாணம் பெண் வீட்டு வளவில் பந்தல் போட்டுத்தான் நடந்தது. வளவு இப்போதும் இருக்கிறது, கிடாரம் கோயிலில் இருக்கிறது, தேங்காய் துருவ அயல் இருக்கிறது. அடுக்குமாடியில் வாழ்கிற சென்னைக்காரர் இதைச் சொல்லி யாரை வெருட்டுவார்?

இரண்டு ஊரிலும் விலை எந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்பதில் எனக்குத் தனி விருப்பம். எங்களுக்கு முற்பணம், அவர்களுக்கு அட்வான்ஸ். எங்களுக்குப் பற்றுச்சீட்டு, அவர்களுக்கு ரசீது. நாங்கள் மண்டபத் திறப்பு வாங்குவோம், அவர்கள் சாவி வாங்குவார்கள். இவற்றால் ஒரு சதமும் கூடிக் குறையாது. காசு கூடுவது வேறு சொற்களில். கொழும்பு ஹோட்டலில் ஒரு பிளேட்டுக்கு விலை சொல்லி, 'பிளஸ் பிளஸ்' என்று மெதுவாக முடிப்பார்கள். முதல் பிளஸ் 10 வீத சேவைக் கட்டணம், அடுத்தது வரி. எல்லாம் சேர்ந்த விலை வேண்டுமென்றால் 'நெட்' எவ்வளவு என்று கேட்க வேண்டும். கேட்காதவருக்குக் கடைசிக் கிழமையில் வருவது விலையேற்றம் போலத் தோன்றும், முதல் நாளே சொன்னதுதான். ஆனால் வரி உண்மையாகவே நடுவில் மாறுவதும் உண்டு. 2023 இல் பதிந்து 2024 இல் கல்யாணம் வைத்தவர்களுக்கு, ஜனவரி முதலாந் திகதி வற் 15 இலிருந்து 18 ஆனது. அதற்கு ஹோட்டல்காரரோடு சண்டை பிடித்துப் பயனில்லை.

சென்னையில் மண்டபத்தை ஒன்றரை நாளுக்குப் பேசுகிறார்கள். முதல் நாள் ரிசப்ஷன், மறுநாள் முகூர்த்தம். வாடகை ஒன்று, அதன் பின்னால் ஒரு ஊர்வலம்: இபி சார்ஜ், க்ளீனிங் சார்ஜ், ஜெனரேட்டருக்கு மணிக்கணக்கு, பாத்திர வாடகை, வெளியாள் அலங்காரம் செய்தால் அதற்கொரு கட்டணம். மண்டப வாடகைக்கு 18 வீத ஜிஎஸ்டி. இலக்கம் எங்கள் வற் வரிக்கு இப்போது சரிசமம், ஆனால் 'பில் வேணுமா, வேண்டாமா?' என்று கேட்கிற துணிச்சலையும் அங்கே பார்த்தேன். எங்கள் ஊரில் அப்படிக் கேட்பதில்லை என்று எழுத ஆசைதான்.

தாம்பரம் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பன் என் சகலன். 1983 க்குப் பிறகு போய் அங்கேயே தங்கிவிட்டவர். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் மேனேஜர் எடுத்தார்: "சார், ரேட் ரிவைஸ் ஆயிடுச்சு. ஓனர் சொல்லிட்டார், என் கையில ஒண்ணும் இல்ல." சகலனின் குரல் ஏறவில்லை. "அக்ரிமென்ட் காப்பி என்கிட்ட இருக்கு சார். அதுல இல்லாத சார்ஜ் எதுன்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, பேசலாம்." எழுதி அனுப்பச் சொன்னதும் பாதிக் கட்டணங்கள் காணாமற் போயின. மிச்சத்தில் டீசல் விலையை மட்டும் ஒப்புக்கொண்டு வங்கி வழியாக அனுப்பினார். மண்டபத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக மின்சார மீற்றரைப் படம் எடுத்தார். பெண்ணின் தகப்பன் மீற்றர் பெட்டிக்கு முன்னால் நிற்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது. மறுநாள் மத்தியானம் அரை மணித்தியாலத்தில் கணக்கு முடிந்து, மிச்ச அட்வான்ஸும் கைக்கு வந்தபோது சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

"ஆரையாவது கூட்டிக்கொண்டு ஓனரிட்டைப் போயிருக்கலாமே" என்று கேட்டேன்.

"தம்பி, இஞ்ச எங்களுக்கு ஆரைத் தெரியும்? தாள்தான் துணை."

இந்தப் பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. தாள், மீற்றர், வாட்ஸ்அப் என்பதெல்லாம் மனிதரை நம்பாதவர்களின் பழக்கம் என்று நினைத்திருந்தேன். தெரிந்தவர் இல்லாதவனுக்கு அதுவே வாத்தியார். மதுரை, திருநெல்வேலிப் பக்கம் ஊர்ப் பெரியவரைக் கூட்டிப்போய்த்தான் பேசுவார்கள் என்று மனைவி சொல்கிறாள். நான் கண்ட தமிழ்நாட்டு மண்டபங்கள் எல்லாம் பந்தியிலிருந்து கண்டவை ஆகையால் அவள் சொல்வதை மறுக்கவில்லை.

எங்கள் வழிக்கும் ஒரு பலவீனம் உண்டு, அதை வெளியாள் சொன்னால்தான் கோபம் வரும். கனடாவிலும் இலண்டனிலும் இருந்து பிள்ளைக்கு ஊரில் கல்யாணம் வைக்க வருகிறவர்களுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஜூலையும் ஓகஸ்டும். நடுவில் ஆடி. மிஞ்சுவது ஆனிக் கடைசியும் ஆவணி முற்பாதியும். அந்தச் சில நாள்களுக்குள் எல்லாரும் முட்டி மோதுகிறார்கள். 'வெளிநாட்டுப் பகுதி' என்று காதில் விழுந்தவுடன் விலையை மனதுக்குள் டொலரில் பெருக்குகிற மண்டபக்காரர் எங்களிடமும் இருக்கிறார். ஊரை விட்டு முப்பது வருடமானவருக்குக் கூட்டிக்கொண்டு போக வாத்தியார் இல்லை. கொடுத்துவிட்டுப் போகிறார். அதைக் காசுத் திமிர் என்பது பிழை. கதைக்க ஆளில்லாதவன் வேறென்ன செய்வான்?

சட்டம் இரு கரையிலும் இருக்கிறது. இந்தியாவில் 2019 இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 1915 என்ற உதவி எண், மாவட்ட ஆணையத்தில் ஐந்து இலட்சம் ரூபாய் வரையான முறைப்பாட்டுக்குக் கட்டணமில்லை. எங்களுக்கு 2003 இன் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையும் 1977 என்ற இலக்கமும், மத்தியஸ்த சபையும். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் பற்றி 1997 லேயே சட்டம் போட்டோம் என்று மார்தட்டலாம். அது பெரும்பாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் நிபந்தனைகளைப் பற்றியது, மண்டபக்காரரிடம் அதைச் சொல்லிப் பார்த்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. முகூர்த்தத்துக்கு முன் எந்த ஆணையமும் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. மண்டபக்காரர் நம்பியிருப்பதும் அதைத்தான். ஆகவே வேறு வழியில்லாமல் கட்டுகிறவர், 'ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்' என்று எழுதி அனுப்பிவிட்டுக் கட்டுவது புத்தி. பிறகு கேட்க ஒரு பிடி இருக்கும். இதுவும் சகலன் சொன்னது.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் வாத்தியாரின் சைக்கிளோடுதான் போவேன். கூடிய விலை யாருக்கு உண்மையில் எவ்வளவு வலிக்கிறது என்று முகத்தைப் பார்த்துக் கேட்க அந்த வழியில்தான் முடியும், தாளில் அதற்கு இடமில்லை. ஆனாலும் என் மகளுக்கு நாள் வைக்கும்போது பற்றுச்சீட்டில் வாடகை எத்தனை மணித்தியாலத்துக்கு, கரண்ட் சேர்ந்ததா தனியா, டீசல் யாருடையது, வரி மாறினால் யார் கட்டுவது, துப்புரவுக் காசு எவ்வளவு என்று வரி வரியாக எழுதி வாங்கத்தான் போகிறேன். மீற்றரையும் படம் எடுப்பேன். "என்னண்ணை, இந்தியாக்காரர் மாதிரி" என்று யாராவது நக்கலடித்தால், பற்றுச்சீட்டில் எழுதி வாங்குவது எங்கள் வாத்தியார் 2022 இலேயே தொடக்கிவைத்த பழக்கம் என்று சொல்லிக்கொள்வேன்.