நண்பன் என்பதற்கு சர்டிஃபிகேட் கிடையாது

ஐ.சி.யூ. வாசலில் நின்று பாருங்கள். 'நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?' என்பார்கள். அண்ணன், மாமா, மச்சான்... எதைச் சொன்னாலும் கதவு திறக்கும். 'ஃப்ரெண்டு' என்று சொல்லுங்கள். 'அப்படி உக்காருங்க சார்!'

இந்தச் சங்கடத்தைப் பற்றி 1944 ஜனவரியில், பெர்லின் சிறை ஒன்றில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார் ஒரு கைதி. டீட்ரிஷ் போன்ஹோஃபர். லுத்தரன் பாதிரியார், ஹிட்லரின் எதிரி. 1943 ஏப்ரல் 5-ல் கைதாகி டேகல் ராணுவச் சிறைக்குப் போனவர். அங்கிருந்து எழுதிய கடிதங்கள் 1951-ல் ஜெர்மனில் புத்தகமாயின. ஆங்கிலத்தில் 'லெட்டர்ஸ் அண்ட் பேப்பர்ஸ் ஃப்ரம் பிரிசன்'.

இறையியல் மாணவர்களுக்கு இது பாடப் புத்தகம் மாதிரி. 'மதம் இல்லாத கிறிஸ்தவம்' என்று அவர் எழுதிய சில பக்கங்களை வைத்துக்கொண்டு பண்டிதர்கள் இன்னமும் மல்லுக்கட்டுகிறார்கள். கட்டட்டும். உங்களுக்கும் எனக்கும் இந்தப் புத்தகத்தில் வேறு ஒரு சரக்கு இருக்கிறது. அது நட்பு.

ஆரம்பத்தில் கைதிக்குப் பத்து நாளைக்கு ஒரு கடிதம்தான், அதுவும் பெற்றோருக்கு. தணிக்கை உண்டு. நண்பருக்கு? சான்ஸே இல்லை. 1943 நவம்பர் 18-ல்தான் எபர்ஹார்ட் பெத்கேவுக்கு முதல் கடிதம், திருட்டுத்தனமாக வெளியே போகிறது. பெத்கே ஒரு காலத்தில் இவரிடம் படித்தவர். பிறகு இவருடைய அக்கா மகளையே கட்டிக்கொண்டவர். அந்தக் கடிதத்தில் வாத்தியார், 'எனக்கு நீ பாதிரியாராக இரு, நான் சொல்வதைக் கேள்' என்கிற தொனியில் மாணவனிடம் கேட்கிறார்.

கவனியுங்கள், 'காப்பாற்று' என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பெத்கேவால் முடிந்திருக்காது. இத்தாலிப் போர்முனைக்குப் போன சாதாரண சிப்பாய் அவர்.

கல்யாணத்துக்கும் ரத்த உறவுக்கும் இருக்கிற அங்கீகாரம் நட்புக்கு இல்லையே என்று பெத்கே ஆதங்கப்படுகிறார். ஆமாம் என்கிறார் போன்ஹோஃபர். கல்யாணம், வேலை, அரசாங்கம், திருச்சபை எல்லாம் கடவுள் கட்டளையிட்ட கடமைகள். நட்பு அந்த லிஸ்ட்டில் இல்லை. அது சுதந்திரத்தின் தோட்டத்தில் விளைவது. பி.காம். பாஷையில் சொன்னால், பதிவு செய்யாத பார்ட்னர்ஷிப். கோர்ட்டுக்குப் போக முடியாது. இரண்டு பேரின் நாணயம்தான் முதலீடு.

பைபிளில் யோபுவின் கதை தெரியும் அல்லவா? எல்லாம் இழந்து புழுதியில் கிடந்தவரைப் பார்க்க மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் ராத்திரி பகலாக வாய் திறக்காமல் கூட உட்கார்ந்தார்கள். அதுவரை உத்தமம். பிறகு, 'நீ ஏதோ தப்பு செஞ்சிருப்பே' என்று ஆரம்பித்தார்கள். போச்சு! நம்மில் பலர் அந்த எட்டாவது நாள் நண்பர்கள்தான். வேலை போனவரிடம் போய், 'அப்பவே சொன்னேனே' என்போம்.

பெத்கே ஏழாவது நாளிலேயே நின்றுவிட்ட ஆள். கேட்டார், பதில் எழுதினார், பத்திரப்படுத்தினார். கடிதங்கள் பெர்லினுக்குப் போய், விஷவாயு முகமூடி டப்பாவுக்குள் தோட்டத்து மண்ணில் புதைந்து கிடந்தன. 1944 அக்டோபரில் பெத்கேவே கைதானார். பிடிபடும் நேரத்தில், கையிலிருந்த கடைசிக் கடிதங்களை எரித்துவிட்டார். இலக்கியத்துக்கு நஷ்டம்தான். யாரையும் காட்டிக்கொடுக்காமல் இருக்க அது அவர் கொடுத்த விலை.

1945 ஏப்ரல் 9-ல் போன்ஹோஃபரைத் தூக்கிலிட்டார்கள். வயது 39. பெத்கே பிழைத்தார்.

புத்தகத்தின் மீது எனக்கு ஒரு புகார் உண்டு. முதல் பதிப்புகளில் பெத்கே தன்னை மறைத்துக்கொண்டார். 'ஒரு நண்பருக்குக் கடிதங்கள்' என்றுதான் இருந்தது. அவருடைய பதில்களும் இல்லை. போனில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் ஒட்டுக்கேட்கிற மாதிரி. அடக்கம் நல்லதுதான், ஆனால் வாசகருக்குப் பாதி நட்புதானே கிடைக்கிறது? 1970-ல் வந்த விரிவான பதிப்பில்தான் அவருடைய குரலும் சேர்ந்தது. வாங்குவதாக இருந்தால் அதற்குப் பிந்தைய பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சாதாரண வாசகர் இறையியல் பக்கங்களில் திணறுவார். தாண்டிப் போங்கள், குற்றமில்லை. சுருட்டு கிடைத்த சந்தோஷம், குண்டுவீச்சு பயம், பெத்கேவின் குழந்தைக்குத் தன் பெயர் வைத்த பூரிப்பு என்று மனுஷன் பேசுகிற இடங்கள் ஏராளம்.

நண்பரின் வாழ்க்கையை 1967-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் எழுதினார் பெத்கே. 2000-ல் இறக்கும்வரை, 55 வருஷம், இன்னொருவருடைய குரலைக் காப்பாற்றுவதையே வேலையாக வைத்துக்கொண்டார். யாரும் கட்டளையிடவில்லை. சம்பளமும் இல்லை, சட்டமும் இல்லை. அதனால்தான் அதற்குப் பெயர் நட்பு.