'அழிச்சுபணி'யும் அழிவும்: கேரள மரவீட்டுச் சொற்களைத் தமிழாக்குதல்

கேரளத்துப் பழைய மரவீடுகளைப் பிரித்து, அம்மரங்களைக் கொண்டே வேறிடத்தில் மீண்டும் கட்டும் வழக்கம் பற்றித் தமிழில் எழுதுவோர், வீடு 'இடிக்கப்பட்டது' என்றும் அதன் மரங்கள் 'மீட்கப்பட்டன' என்றும் எழுதிவிடுவதுண்டு. முதற்சொல் நிகழ்ச்சிக்கே மாறானது. இரண்டாவது ஆங்கில வழக்கின் நேர்பெயர்ப்பு. அடகு வைத்த நகையை மீட்கலாம், சிறைப்பட்டவரை மீட்கலாம். உத்தரத்தை மீட்பது தமிழுக்கு இயல்பான வழக்கன்று. இவ்விரு சொற்களும் எழுத்தாளரின் கவனக்குறைவால் மட்டும் வந்தவை அல்ல. மூலமொழியில் அந்த வீட்டின் உறுப்புகளும் அவற்றின் மீதான தொழில்களும் எவ்வாறு பெயர் பெற்றுள்ளன என்பதை நோக்காமையால் வந்தவை.

திருவிதாங்கூர்ப் பகுதியில் 'அறயும் நிரயும்' எனப்படும் வகை வீட்டின் சுவர்கள் மரப்பலகைகளால் ஆனவை. பலகைகள் சட்டங்களின் காடிகளில் செருகி நிறுத்தப்படும். உத்தரங்கள் கழுந்தும் துளையுமாக ஒன்றையொன்று கவ்வும். இணைப்புகளை மர ஆப்புகளும் முளைகளும் இறுக்கும். இரும்பாணிக்கு இங்கு வேலை மிகக் குறைவு. ஆகவே கட்டிய வரிசையைத் தலைகீழாக்கினால் வீடு உறுப்பு உறுப்பாகக் கழன்றுவரும். ஒவ்வோர் உறுப்பிலும் அடையாளமிட்டு வண்டியேற்றினால் பிறிதோர் ஊரில் அதே வீடு எழும்.

இத்தொழிலுக்குப் பொருந்தும் மலையாள வினை 'அழிக்குக' என்பது. கட்டவிழ்த்தல், கழற்றுதல் என்பன அதன் முதன்மைப் பொருள்கள். கழற்றிச் சீராக்கி மீண்டும் அமைத்தலை 'அழிச்சுபணி' என்பர். அமைச்சரவை மாற்றத்தைக் குறிக்கவும் மலையாள நாளிதழ்கள் இச்சொல்லையே ஆள்கின்றன. தமிழ்க் கண்ணுக்கோ 'அழிச்சு' என்பது நாசத்தையே காட்டுகிறது. இது இனமொழிகளுக்கிடையே எதிர்பார்க்கத்தக்க பொருள் விலகலே என்று கூறி நகர்ந்துவிடலாம். ஆனால் தமிழும் அப்பொருளை முற்றிலும் இழந்துவிடவில்லை. பழைய சங்கிலியை 'அழித்து' வளையல் செய்ததாகத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் கூறுவர். அங்கே அழிவது வடிவம், பொன் அழிவதில்லை. பொற்கொல்லர் பட்டறையில் வழங்கும் இப்பொருளைத் தச்சுப்பட்டறைக்கு நீட்டிக்க இயலாது என்பது மெய்தான். வீட்டைப் பொறுத்தவரை 'பிரித்துக் கட்டுதல்' என்பதே தெளிவானது. கூரை வேய்வோருக்கும் பந்தல் போடுவோருக்கும் பழகிய சொல் 'பிரித்தல்'.

பெயர்ச்சொற்களில் இடர் இன்னும் கூடுதல். 'அற' என்பதை 'அறை' எனவும் 'நிர' என்பதை 'வரிசை' எனவும் பெயர்த்தால் ஒலியுறவு காக்கப்படும், பொருள் போய்விடும். 'அற' நெல்லும் விலைமதிப்புள்ள பொருள்களும் காக்கப்பட்ட மரப்பெட்டகம் போன்ற உள்ளிடம். 'நிர' அப்பலகைச் சுவர். தமிழ் 'அறை'யிலும் சேமிப்பிடம் என்ற பொருள் அஞ்சறைப் பெட்டியில் எஞ்சி நிற்கிறது என்பது சுவையானது. ஆயினும் தனித்து நிற்கும் 'அறை' இன்றைய வாசகருக்குப் படுக்கையறையையே நினைவூட்டும். 'நெல்லறை' என்பது பொருந்தும். தனியே நிற்கும் நெற்பெட்டிக்குத் தஞ்சைப் பகுதியில் வழங்கும் 'பத்தாயம்' மலையாளத்திலும் அதே சொல்லாக இருப்பதால், அதனை விடுத்துக் 'களஞ்சியம்' எனப் பொதுச்சொல் இடுவதற்குக் காரணமேயில்லை.

கூரையுறுப்புகளில்தான் இனச்சொற்கள் மிகுதியும் ஏமாற்றுகின்றன. தமிழில் 'உத்தரம்' இடத்தின் குறுக்கே பாயும் பெருவிட்டம். மலையாளத்தில் அது சுவரின் தலைமீது கிடந்து கழுக்கோல்களைத் தாங்குவது. குறுக்கே பாய்வதற்கு அங்கே 'துலாம்' என்று பெயர். தமிழில் முகட்டு வளை கூரையின் உச்சிமரம். மலையாள 'வள' கழுக்கோல்களின் துளைகள் வழியே கோத்துச் செல்லும் மெல்லிய மரம். உச்சிமரம் அங்கே 'மோந்தாயம்'. தமிழில் 'மச்சு' மேல்தளத்தையோ மாடியையோ குறிக்க, மலையாள 'மச்சு' பலகை அடித்த உட்கூரையைக் குறிக்கும். மலையாளக் குறிப்பைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கிக் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டு மரங்களைப் பொருத்தும் தச்சர் சுவர்மேல் கிடக்க வேண்டியதைக் குறுக்கே போட முயல்வார்.

அளவையிலும் இவ்விடர் உண்டு. கேரளத் தச்சுக்கோல் 24 அங்குலம்; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 செ.மீ. எனவே அதன் அங்குலம் 3 செ.மீ. மொழிபெயர்ப்பாளர் அதனை 2.54 செ.மீ. கொண்ட ஆங்கில அங்குலமாக எண்ணிவிட்டால் கோலுக்கு 11 செ.மீ. குறையும். காடியில் செருகும் பலகைக்கு அரை விரல் குறைந்தாலும் பொருந்தாது.

'அற'யின் பெயர்ப்பில் வரலாறும் குறுக்கிடுகிறது. கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிக்கப்பட்டது. நெல்லாக வந்த பாட்டம் நின்றது. 1975இன் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் தறவாட்டுச் சொத்துகளின் பிரிவினையை மேலும் விரைவுபடுத்தியது. ('தறவாடு' வல்லின றகரம் உடையது, 'தரவாடு' எனத் தமிழில் எழுதுவது பிழை.) நெல் வராத 'அற' வெற்றிடமானது, வீடுகள் பிரித்து விற்கப்பட்டன. 1990களில் குமரகத்துக் காயற்கரையில் அவை பயணியர் விடுதிகளாக மறுபடி எழுந்தபோது, நெல்லுக்கென எழுந்த மரச்சுவர்களுக்குள் விருந்தினர் கட்டில்கள் இடம்பிடித்தன. 'அற' என்பதை 'அறை' என்று பெயர்த்தவரின் பிழையை விடுதிக்காரர் மெய்யாக்கிவிட்டார். அத்தகைய விடுதியைப் பற்றி எழுதுங்கால் எச்சொல்லை இடுவது? கட்டடத்தின் உறுப்பைப் பேசுமிடத்தில் 'நெல்லறை' என்றும், இன்றைய பயனைப் பேசுமிடத்தில் 'அறை' என்றும் இரண்டையும் ஆள்வதே நேர்மையானது. ஒரே சொல்லில் அடக்க முனைந்தால் வீட்டின் ஒரு காலம் மறைந்துவிடும்.

சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், கோட்டயம் மாவட்டத்துப் புதுப்பள்ளியிலிருந்து கொண்டுவந்து எழுப்பிய சிரியன் கிறித்தவர் வீடு நிற்கிறது. தமிழ் வாசகர் இச்சொற்களைப் பொருளோடு பொருத்திப் பார்க்க எளிதான இடம் அது. நாஞ்சில் நாட்டு வழக்கும் துணைபுரியும். 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியெல்லையோடு இணைந்திருந்த அப்பகுதியில், மலையாள 'ஆஞ்ஞிலி' மரத்துக்கு 'அயினி' என்ற தமிழ்ப்பெயர் உண்டு. அதனை அறியாமல் 'ஆஞ்சிலி' என ஒலிபெயர்த்துப் பலாவின் இனம் என அடைப்புக்குறியில் விளக்குவது வீண் உழைப்பு.

பிரித்த மரங்கள் எல்லாம் மீண்டும் வீடாவதில்லை. பல, மரக்கடைக்குச் சென்று கன அடிக் கணக்கில் விலைபோகின்றன. கழுக்கோலும் துலாமும் அங்கே பெயரிழந்து தேக்கு, பலா, அயினி எனத் தரம் மட்டுமே பெறுகின்றன. அந்நிலையில் 'பழைய மரம்' என்னும் சொல்லே போதும். மேசைப்பலகையில் தெரியும் கழுந்துத் துளைக்கு வாங்குபவர் வேலைப்பாடு என்று பொருள்கொள்வார். அதில் முன்பு எது நின்றது என்று கேட்க அவரிடம் சொல் இருப்பதில்லை.