மாட்லின் கோபுரமும் ஒரு மாடியறையும்

ஆக்ஸ்ஃபோர்டைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களில் பலருக்கு இன்று வழிகாட்டி சரித்திரம் அல்ல, சினிமா. நானும் அப்படித்தான் போனேன். ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘ஷேடோலேண்ட்ஸ்’ (1993) படத்தை மனதில் வைத்துக்கொண்டு மாட்லின் கல்லூரித் தாழ்வாரத்தில் நின்றேன். மனம் நெகிழ்ந்ததை மறைப்பானேன்? ஆனால் எதற்காக நெகிழ்ந்தது என்று யோசித்தபோது சங்கடம் தொடங்கியது.

ஸி. எஸ். லூயிஸுக்கும் அமெரிக்கக் கவி ஜாய் டேவிட்மனுக்கும் நடந்த காதல் அது. ஜாய்க்கு நிஜத்தில் இரண்டு மகன்கள், படத்தில் ஒருவன். இது குற்றமில்லை. கலை கழிக்கத்தான் செய்யும். கழித்ததில் கேம்பிரிட்ஜும் போய்விட்டதே என்பதுதான் என் வழக்கு. லூயிஸ் 1925 முதல் 1954 வரை மாட்லினில் இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டு தராத பேராசிரியர் பதவியைக் கேம்பிரிட்ஜ் தந்தது. (அங்கே அவர் சேர்ந்த கல்லூரியும் மாட்லின்தான், ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் ஒரு ‘ஈ’ கூடுதல்.) 1956 ஏப்ரலில், ஜாய் இங்கிலாந்தில் தங்க வழி செய்வதற்காக, அவரைப் பதிவு அலுவலகத்தில் மணந்தபோது லூயிஸ் வாரநாட்களில் கேம்பிரிட்ஜிலும் வாரக் கடைசியில் ஹெடிங்டன் வீட்டிலுமாக ரயிலில் அலைந்துகொண்டிருந்தார். வங்கியில் என் பக்கத்து நாற்காலிக்காரர் வெளியூர் மாற்றலில் வந்தவர். சனிக்கிழமை மதியத்திலிருந்தே அவர் கண் கடிகாரத்தின்மேல் இருக்கும். காதலின் அந்த அவஸ்தை படத்தில் இல்லை. அதற்குப் பதில் கோபுரம் இருக்கிறது: மே முதல் தேதி விடியற்காலை, உச்சியில் பாடகர் குழு, கீழே ஜனத்திரள். கூட்டம் என்றால் அட்டன்பரோவுக்கு எப்போதுமே சபலம். ‘காந்தி’ (1982) பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஜாய் 1960 ஜூலையில் இறந்தது ராட்க்ளிஃப் இன்ஃபர்மரி ஆஸ்பத்திரியில். அது 2007இல் மூடப்பட்டு, இடம் இப்போது பல்கலைக்கழகத்தின் வசம். ஹெடிங்டன் தகன மண்டபத்தில் லூயிஸ் அவருக்காக எழுதிய வரிகள் பொறித்த கல் இருக்கிறது. சினிமா பார்த்துவிட்டுப் போன எனக்கு இவ்விரண்டுக்கும் போகத் தோன்றவில்லை.

துக்கத்தைப் பற்றி லூயிஸ் 1961இல் புனைபெயரில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். பெயர் என். டபிள்யூ. கிளார்க். எழுதுகிறவன் என்ற பழைய அர்த்தத்தில்தான் கிளார்க். என் மாதிரி குமாஸ்தாவும் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். ஜாயோடு சந்தோஷமாக இருந்த இடங்களுக்குப் போகப் பயந்ததாகவும், துணிந்து போனபோது அங்கே மட்டும் இழப்பு அதிகமாக இல்லை, எங்கும் ஒன்றுபோல இருந்தது என்றும் அதில் சொல்கிறார். இடம் தேடிப் போகும் நம் யாத்திரைகளுக்கு, படம் வருவதற்கு முப்பது வருஷங்களுக்கு முன்பே எழுதிவைத்த பதில் இது. ஒரே ஒரு விதிவிலக்கையும் சொல்கிறார்: தன் உடல்.

ஹாப்கின்ஸ் சிறுவனை அணைத்துக்கொண்டு உடைந்து அழும் காட்சியில் மட்டும் படம் அங்கே போகிறது. அது சாதாரண மாடியறை. எந்த ஊரிலும் இருக்கக்கூடியது.