ஆய்வுக்கூடத்துக் காதலிகள்

காதல் நாவலை எடுத்தால் நாயகிக்கு என்ன வேலை என்றுதான் முதலில் பார்ப்பேன். ஆசிரியை, செயலாளர், நர்ஸ் என்று முதல் அத்தியாயத்தில் சொல்லிவிட்டு, நாயகன் வந்ததும் அந்த வேலையையே மறந்துவிடும் கதைகள் ஏராளம். நாயகி விஞ்ஞானி என்றால் அது அவ்வளவு சுலபமில்லை. அவள் வளர்க்கும் செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. நாயகன் காத்திருந்துதான் ஆக வேண்டும். அப்போது அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில் இருக்கிறது இந்த வகைக் கதையின் ருசி.

அலி ஹேசல்வுட் எழுதிய 'தி லவ் ஹைபாதசிஸ்' (2021) நாவலில் ஒரு காட்சி. ஸ்டான்போர்டில் முனைவர் படிப்புக்கான நேர்முகத்துக்கு வந்திருக்கிறாள் ஆலிவ். காலாவதியான காண்டாக்ட் லென்ஸ் போட்டதால் கண்ணெல்லாம் நீர்; கழிவறையில் நின்று தவிக்கிறாள். எதிரே நிற்பவன் முகம்கூடத் தெரியவில்லை. பதில் தெரிந்தே ஆக வேண்டிய ஒரு கேள்வி தன்னிடம் இருப்பதாகவும், தான் தேடாவிட்டால் அதை யாருமே தேடமாட்டார்களோ என்று பயப்படுவதாகவும் அவனிடம் சொல்கிறாள். படிக்க வர அந்தக் காரணமே போதும் என்கிறான் அவன். அவள் தேடுவது கணையப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் வழியை. அவள் அம்மா அந்த நோயில்தான் இறந்தார். முகம் பார்க்காத அந்த ஆள் யாரென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அவளுக்குத் தெரியாது. காதல் தொடங்குவது அவள் அழகில் அல்ல, அவள் கேள்வியில். இதைவிட நல்ல தொடக்கத்தை இந்த வகையில் நான் வாசித்ததில்லை.

பின்னர் பாஸ்டன் மாநாட்டில் ஓர் ஆய்வாளர் அவளிடம் அத்துமீறுகிறார். வெளியே சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று மிரட்டுகிறார். அவள் உரையைப் பதிவுசெய்த கைப்பேசி ஓடிக்கொண்டே இருந்ததால் அத்தனையும் அதில் பதிவாகியிருக்கிறது. காதல் கதைக்குள் இப்படியொரு சாட்சியத்தை வைக்க, ஆய்வுத்துறையில் வாழ்ந்த ஒருவரால்தான் முடியும். ஹேசல்வுட் நரம்பியல் ஆய்வாளர். அந்தப் பெயர் புனைபெயர். குறையும் உண்டு: புத்தகத்துக்குப் புத்தகம் அதே நெடிய, சிடுசிடுத்த ஆண். ஆய்வு மேசையில் கை வைத்து வேலை செய்யும் பக்கங்களும் குறைவு. 'லவ், தியரெட்டிக்கலி' (2023) நாவலில் கோட்பாட்டு இயற்பியல்காரிக்கும் சோதனை இயற்பியல்காரனுக்கும் மோதல் வைத்தது மட்டும் அருமை. சண்டையே துறைக்குள்ளிருந்து வருகிறது.

தமிழில் அறிவியலும் எழுத்துமான இந்த இரட்டை வாழ்க்கையை முன்பே வாழ்ந்தவர் லக்ஷ்மி. டாக்டர் திரிபுரசுந்தரி என்பது இயற்பெயர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரிப் படிப்புச் செலவுக்காக ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியவர். 'பெண் மனம்' நாவல்தான் 1963இல் 'இருவர் உள்ளம்' படமானது. என்றாலும் லக்ஷ்மி பெரிதும் எழுதியது குடும்பத்தைத்தான். கதை எழுதிக் கட்டணம் கட்டிய மருத்துவ மாணவியின் வாழ்க்கையே எவ்வளவு நல்ல நாவல்!

தமிழில் இப்படியொரு நாவலை எழுத எங்கள் கிள்ளான் பக்கம் களத்துக்குக் குறைவில்லை. அப்போது போர்ட் சுவெட்டன்ஹாம் எனப்பட்ட எங்கள் துறைமுகத்தை, 1901இல் திறந்த இரண்டே மாதத்தில் மலேரியா முடக்கியது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நீரை வடியவைத்து அதை மீட்டார். கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியது. கிள்ளான் கடைகளில் ரமணிசந்திரனின் காதல் நாவல்களைத் தேடி வாங்கும் வாசகிகளுக்கு, கொசுக்களின் இறக்கையை உருப்பெருக்கியில் பார்த்து இனம் பிரிக்கும் தமிழ்ப் பெண்ணின் காதல் கதை அந்நியமாகவா இருக்கும்? அவள் சதுப்புக் காட்டில் இரவெல்லாம் கொசு பிடிக்கப் போகிறாள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். வருகிறவன், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கேட்பானா, என்ன கிடைத்தது என்று கேட்பானா? நான் வாசிக்கக் காத்திருப்பது அந்த நாவலைத்தான்.